ஏர்பேக் விளக்கு அணையவில்லையா? வீட்டிலேயே காரணம் தேடும் முறை

சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் வரிசையாக விளக்குகள் எரியும். அவற்றில் ஒன்றில், சீட்டில் உட்கார்ந்திருக்கும் ஆளும் அவர் முகத்துக்கு நேரே ஒரு உருண்டையும் தெரியும். சில கார்களில் படத்துக்குப் பதிலாக 'எஸ்ஆர்எஸ்' (சீட் பெல்ட்டுக்குத் துணையாக இருக்கும் ஏர்பேக் அமைப்பின் ஆங்கிலச் சுருக்கம்) என்ற மூன்றெழுத்து மட்டும் இருக்கும். இந்த விளக்கு சில வினாடிகள் எரிந்துவிட்டு அணைந்துவிட வேண்டும். அந்த நேரத்தில் ஏர்பேக் கணினி தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. அணையாமல் நின்றால் கோளாறு. அணைந்த பிறகு ஓட்டத்தில் மறுபடி எரிந்தாலும், விட்டுவிட்டுச் சிமிட்டினாலும் கோளாறு. சாவி போட்டபோது எரியவே இல்லையென்றாலும் கோளாறுதான், அதுவும் சந்தேகப்பட வேண்டிய கோளாறு. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். விபத்தில் வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல், விளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு விற்கிறவர்கள் உண்டு.

இன்னொரு விளக்கையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். முன்பக்கப் பயணி சீட் காலியாக இருக்கும்போதோ, அதில் குழந்தையோ பையோ இருக்கும்போதோ 'பயணி ஏர்பேக் ஆஃப்' என்று தனியாக ஒன்று எரியும். அது கோளாறு இல்லை. பெரியவர் ஒருவர் ஒழுங்காக உட்கார்ந்திருந்தும் அது அணையவில்லையென்றால்தான் யோசிக்க வேண்டும்.

ஏர்பேக் விளக்கு எரிந்தாலும் கார் எப்போதும்போல ஓடும், பிரேக் பிடிக்கும், ஏசி குளிரும். அதனாலேயே பலர் மாதக்கணக்கில் அப்படியே ஓட்டுகிறார்கள். ஆனால் பல கார்களில் கோளாறு கண்ட உடனே கணினி அந்த மின்சுற்றையோ, மொத்த அமைப்பையுமோ நிறுத்தி வைத்துவிடும். அதாவது மோதும்போது ஏர்பேக் திறக்காமல் போகலாம். மோதலில் சீட் பெல்ட்டைச் சட்டென்று இறுக்கும் பிரிடென்ஷனரும் இதே அமைப்பில் சேர்ந்தது என்பதால் அதுவும் வேலை செய்யாமல் போகலாம். பெல்ட் மட்டும் வழக்கம்போலப் பிடிக்கும்.

சரி, இதில் வீட்டில் நாம் என்ன செய்ய முடியும்? காரணத்தைக் கண்டுபிடிக்கும் வேலையில் பெரும்பகுதியை நாமே செய்யலாம். பழுது பார்ப்பதில் கொஞ்சம்தான் நம் வேலை. ஏர்பேக்கும் பிரிடென்ஷனரும் உள்ளே வெடிமருந்து வைத்த பொருட்கள். ஏர்பேக் விரிவதற்கு ஆகும் நேரம் ஏறக்குறைய 30 மில்லி வினாடி. கண் இமைப்பதற்குக்கூட அதைவிட அதிக நேரம் ஆகும். அதனால் வயர், கனெக்டர், பேட்டரி வரை நாம் போகலாம். மருந்து இருக்கும் பாகத்துக்குள் கை வைக்கக் கூடாது. இந்தக் கோட்டை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் பொறுமையான வேலைதான்.

இரண்டு ஓம் கணக்கு

விளக்கு ஏன் அடிக்கடி சில்லறைக் காரணத்துக்காக எரிகிறது என்பதைப் புரிந்துகொண்டால் தேடுவது சுலபம். ஒவ்வொரு ஏர்பேக்கின் பற்றவைப்பானுக்கும் மின்தடை சுமார் 2 ஓம்தான். கணினி மெல்லிய மின்சாரம் ஒன்றை அனுப்பி இந்தத் தடையை ஓயாமல் அளந்துகொண்டே இருக்கிறது. கனெக்டர் பின்னில் லேசாகப் பாசி பிடித்துக் கூடுதலாக ஓரிரு ஓம் சேர்ந்தாலே கணக்கு உதைக்கும், விளக்கு எரியும். இதே பாசி ஹெட்லைட் வயரில் இருந்தால் வெளிச்சம் சற்று மங்குவதோடு சரி, யாரும் கவனித்திருக்கவே மாட்டார்கள்.

எனவே பழுது பெரும்பாலும் ஏர்பேக்கில் இருக்காது. அசைகிற, ஈரம் படுகிற, அடிக்கடி கை படுகிற இடங்களில்தான் இருக்கும். அப்படிப் பார்த்தால் முதல் இரண்டு இடங்கள் முன் சீட்டுகளுக்கு அடியில் இருக்கும் கனெக்டர்களும், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் கிளாக் ஸ்பிரிங் என்ற சுருள் வயரும். அடுத்து பெல்ட் பக்கிளுக்குள் இருக்கும் சுவிட்ச், பயணி சீட் மெத்தைக்கு அடியில் எடையை உணரும் விரிப்பு, முன் பம்பருக்குப் பின்னால் இருக்கும் மோதல் சென்சார்கள். கணினி இருப்பது பெரும்பாலும் கியர் லீவரை ஒட்டிய நடுப்பகுதிக்குக் கீழே. அதுவே பழுதாவதும் உண்டு. தரைவிரிப்பு நனைந்து தண்ணீர் தேங்கிய கார்களில் அதை முதலிலேயே சந்தேகிக்கலாம்.

முதலில் கவனியுங்கள், பிறகு கருவி

ஒரு காகிதத்தில் மூன்று விஷயம் எழுதுங்கள். விளக்கு முதன்முதலில் எப்போது எரிந்தது? அதற்கு முந்தைய சில நாட்களில் காரில் என்ன வேலை நடந்தது? இப்போது எந்த அசைவில் எரிகிறது, எதில் அணைகிறது?

இந்தக் காகிதம் பல நேரங்களில், கணினி பதிந்து வைத்த கோளாறு எண்ணைப் படிக்கும் ஸ்கேனரைவிடச் சீக்கிரம் பதில் சொல்லிவிடும். சீட்டை முன்னே பின்னே தள்ளியதும் எரிந்தால் சீட்டுக்கு அடியில் இருக்கும் வயர். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் ஒடிக்கும்போது மட்டும் எரிந்தால் கிளாக் ஸ்பிரிங். கூடவே ஹாரன் அடிக்கவில்லை, ஸ்டீயரிங்கில் இருக்கும் சத்தம் கூட்டும் பட்டன் வேலை செய்யவில்லை, திருப்பும்போது உள்ளே சரசரவென்று சத்தம் கேட்கிறது என்றால் கிட்டத்தட்ட உறுதி. பேட்டரி இறங்கி, இன்னொரு வண்டியிலிருந்து மின்சாரம் எடுத்து ஸ்டார்ட் செய்த அன்று எரிந்திருந்தால், மின்னழுத்தம் குறைந்ததைக் கணினி குறித்து வைத்திருக்கலாம். காருக்குள் ஷாம்பு போட்டுக் கழுவிய மறுநாள் எரிந்தால் ஈரம். புது சீட் கவர் மாட்டிய பிறகென்றால், மாட்டியவர் கை சீட்டுக்கு அடியில் எங்கே போனது என்று பார்க்க வேண்டும். சீட்டைக் கழற்றி வைத்துவிட்டு, கனெக்டர் இல்லாமலே யாராவது சாவி போட்டிருந்தாலும் கோளாறு பதிவாகிவிடும்.

பயணி சீட்டில் முழங்காலை ஊன்றிப் பின்சீட்டில் எதையோ எடுக்கும் பழக்கம் வீட்டில் யாருக்காவது இருக்கிறதா? எடை உணரும் விரிப்பு அப்படித்தான் பல நேரம் கெடுகிறது.

கோளாறு எண்ணைப் படிப்பது

ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு அருகில், 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதுதான் ஓபிடி போர்ட். ஸ்கேனரை இதில்தான் செருக வேண்டும். ஆனால் ஒரு விஷயம்: மொபைலோடு புளூடூத்தில் சேரும் மலிவான ஸ்கேனர்களில் பல, என்ஜின் கோளாறுகளை மட்டுமே படிக்கும். செருகிப் பார்த்தால் 'கோளாறு ஏதும் இல்லை' என்று காட்டும். இங்கே டேஷ்போர்டில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். வாங்கும்போதோ இரவல் கேட்கும்போதோ 'உங்கள் கார் மாடலுக்கு எஸ்ஆர்எஸ் படிக்கும்' என்று தெளிவாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

எண் கிடைத்ததும் உடனே அழிக்கும் பட்டனை அழுத்திவிடாதீர்கள். முழு எண்ணையும், அதன் முதல் எழுத்தோடு, பக்கத்தில் வரும் விளக்கத்தையும் சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். அது 'தற்போதைய' கோளாறா, 'பழைய' கோளாறா என்றும் ஸ்கேனர் சொல்லும். பழையது மட்டும் இருந்து, அழித்தபின் திரும்ப வராவிட்டால், அன்றைக்கு பேட்டரி இறங்கியதுபோல ஏதோ வந்து போயிருக்கிறது என்று அர்த்தம்.

விளக்கத்தைப் படிக்கும்போது இரண்டு பகுதியாகப் பிரித்துப் பாருங்கள். எந்தச் சுற்று, அதற்கு என்ன ஆயிற்று? 'ஓட்டுநர் ஏர்பேக், தடை அதிகம்' என்றால் அந்த ஏர்பேக் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. கணினியிலிருந்து அந்த ஏர்பேக் வரை போகும் பாதையில் எங்கோ தொடர்பு தளர்ந்திருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். பாதையில் கிளாக் ஸ்பிரிங் இருக்கிறது, இரண்டு மூன்று கனெக்டர்கள் இருக்கின்றன. எண்ணை மட்டும் பார்த்துவிட்டு ஏர்பேக்கையே வாங்கிக் காசை விடுகிறவர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். 'தரைக்குத் தொடர்பு' என்று வந்தால் வயரின் உறை எங்கோ உரசிக் கிழிந்து, சீட் இரும்பிலோ பாடியிலோ படுகிறது.

கையைக் கறுப்பாக்காமல் சரிபார்க்கக் கூடியவை

பேட்டரி: கார் சில மணி நேரம் ஓடாமல் இருந்தபின் மல்டிமீட்டரில் 12.4 முதல் 12.6 வோல்ட் வரை காட்ட வேண்டும். என்ஜின் ஓடும்போது சுமார் 13.5 முதல் 14.5 வரை. இதற்குக் கீழே இருந்தால் அதைச் சரிசெய்துவிட்டு மற்றதைப் பாருங்கள். டெர்மினலில் வெள்ளைப் பூப்பு இருந்தால் சுத்தம் செய்யுங்கள்.

ஃபியூஸ்: பெட்டி மூடியின் உட்புறப் படத்தில் ஏர்பேக் அல்லது எஸ்ஆர்எஸ் என்று குறித்திருக்கும். சாவியை எடுத்துவிட்டுப் பாருங்கள். உருகியிருந்தால் அதே ஆம்பியர் அளவில் புதியதைப் போடலாம். மறுபடி உருகினால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், எங்கோ ஷார்ட் இருக்கிறது.

பக்கிள்: பெல்ட்டை ஒவ்வொரு சீட்டிலும் சிலமுறை மாட்டிக் கழற்றுங்கள். மாட்டியபோது பெல்ட் விளக்கு ஒரே சீராக அணைய வேண்டும். பிஸ்கட் தூள், நாணயம், ஒட்டிக் காய்ந்த குளிர்பானம் எல்லாம் பக்கிளுக்குள் கிடக்கும். வேக்குவம் வைத்து உறிஞ்சலாம். எண்ணெய் ஊற்ற வேண்டாம்.

சீட்டுக்கு அடியில் குடை, தண்ணீர் பாட்டில், குழந்தையின் பொம்மை என்று எதுவும் வயரை நெருக்கவில்லையே என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இப்போதைக்குப் பார்ப்பது மட்டும் போதும், எதையும் இழுக்க வேண்டாம்.

மின்சாரத்தை இறக்குவது

ஏர்பேக் கனெக்டர்கள் பொதுவாக மஞ்சள் நிறத்தில் இருக்கும், அல்லது அவற்றின் வயர் மஞ்சள் உறைக்குள் வரும். மஞ்சளைக் கண்டால், மின்சாரத்தை இறக்காமல் தொடக் கூடாது. (ஹைப்ரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிற வயரும் இருக்கும். அது உயர் மின்னழுத்தம். அதை எந்த நிலையிலும் தொட வேண்டாம்.)

சீட் மோட்டாரில் நகர்வதாக இருந்தால், அடியில் கை நுழைய வசதியாக முதலிலேயே அதைப் பின்னால் தள்ளி, முடிந்தவரை மேலே தூக்கி வையுங்கள். பேட்டரியைக் கழற்றியபின் அது அசையாது. ரேடியோவுக்கு ரகசிய எண் இருந்தால் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி பின் டிக்கியில் இருக்கும் காரில், டிக்கி மூடிக்கு மின்பூட்டு இருந்தால் அதை மூடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூடிவிட்டால் அப்புறம் திறக்கப் பெரும் பாடு.

இப்போது சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்கள். பல கார்களில் 10 மில்லிமீட்டர் ஸ்பேனர் போதும். கழற்றிய முனை தானாகத் திரும்பி டெர்மினலைத் தொடாதபடி ஒரு துணியைச் சுற்றி ஒதுக்கி வையுங்கள்.

இதற்குப் பிறகு காத்திருக்க வேண்டும். மோதலில் பேட்டரி நசுங்கினாலும் ஏர்பேக் திறக்க வேண்டுமே என்பதற்காக, கணினிக்குள் ஒரு கெப்பாசிட்டர் மின்சாரத்தைச் சேர்த்து வைத்திருக்கிறது. பேட்டரியைக் கழற்றிய அந்த நிமிடத்தில்கூட அதில் ஒரு ஏர்பேக்கை வெடிக்க வைக்கும் அளவுக்குச் சக்தி மிச்சம் இருக்கும். தயாரிப்பாளர்கள் சொல்லும் நேரம் காருக்குக் கார் மாறும். சிலர் 90 வினாடி என்பார்கள், சிலர் மூன்று நிமிடம், சிலர் அதைவிட அதிகம். உங்கள் கார் கையேட்டில் இருப்பதைப் பின்பற்றுங்கள். அது கிடைக்காவிட்டால் அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். அவசரப்பட்டு மிச்சம் பிடிக்க வேண்டிய நேரம் இதுவல்ல.

சீட்டுக்கு அடியில்

சீட்டில் உட்காராமல், கதவைத் திறந்து வெளியே குனிந்தபடி வேலை செய்யுங்கள். முகம் சீட்டின் பக்கவாட்டுக்கு நேராக இருக்க வேண்டாம், பக்க ஏர்பேக் அங்கேதான் இருக்கும். தொடுவதற்கு முன் கார் பாடியின் வெற்று இரும்பை ஒருமுறை தொட்டு, உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கிவிடுங்கள்.

மஞ்சள் கனெக்டரில் இரட்டைப் பூட்டு இருக்கும். வேறு நிறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கிளிப்பை முதலில் வெளியே இழுக்க வேண்டும். அதன் பிறகே அழுத்தும் நாக்கு அசையும். இதைத் தெரியாமல் பலம் போட்டு உடைப்பதுதான் வழக்கம். வயரைப் பிடித்து இழுக்காமல் பிளாஸ்டிக் உடலைப் பிடித்துப் பிரியுங்கள்.

உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். பின்கள் பளிச்சென்று இருக்க வேண்டும். பச்சையாகவோ வெள்ளையாகவோ தூள் படிந்திருந்தால், ஒரு பின் கோணியிருந்தால், அல்லது வயர் பின்பக்கமாகப் பாதி வெளியே வந்திருந்தால் குற்றவாளி கிடைத்தாயிற்று. ஓரத்தில் மெல்லிய செம்புத் தகடு ஒன்று தெரியலாம். கனெக்டரைப் பிரித்ததும் அது இரண்டு பின்களையும் இணைத்துவிடும், தப்பான மின்சாரம் ஏதும் பற்றவைப்பானுக்குள் போகாமல் இருக்க. அதை ஊசியாலோ ஸ்க்ரூடிரைவராலோ நெருட வேண்டாம்.

எலக்ட்ரிகல் கான்டாக்ட் கிளீனர் என்று விற்கும் ஸ்பிரேயை இரு பக்கமும் அடித்து, நன்றாகக் காய விடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். மேல்பூச்சு போய்விட்டால் அடுத்த பாசி இன்னும் சீக்கிரம் வரும். காய்ந்ததும் 'டிக்' என்று கேட்கும்வரை செருகி, பூட்டுக் கிளிப்பைத் தள்ளுங்கள். கனெக்டர் முழுதாக உட்காராவிட்டால் அந்தக் கிளிப் உள்ளே போகாது, அதுவே ஒரு பரிசோதனை. கையால் நகரும் சீட்டானால், இப்போதே அதைக் கடைசிவரை முன்னும் பின்னும் தள்ளி, வயர் எங்கேயாவது இழுபடுகிறதா, தண்டவாளத்தில் உரசுகிறதா என்று பாருங்கள். தொங்கினால் கேபிள் டை போட்டு, கொஞ்சம் தளர்வு விட்டுக் கட்டுங்கள். வயர் உறை கிழிந்திருந்தால் இன்சுலேஷன் டேப் சுற்றிச் சமாளிக்க வேண்டாம், அது பட்டறை வேலை.

கிளாக் ஸ்பிரிங் விஷயம்

இது ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் நாடாபோலச் சுருட்டி வைத்த தட்டையான வயர். ஸ்டீயரிங் திரும்பும்போது சுருளும், விரியும். வருடக்கணக்கில் மடங்கி மடங்கி ஒருநாள் விரிசல் விடும். மாற்றும் பாகம் எளிதில் கிடைக்கும், வீடியோ பார்த்தால் வேலையும் சுலபம்போலத் தெரியும். ஆனால் அதை எடுக்க வேண்டுமானால் ஓட்டுநர் ஏர்பேக்கை முதலில் கழற்ற வேண்டும். முதல்முறை செய்பவருக்கு இது வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். கண்டுபிடித்ததோடு நிறுத்திவிட்டு, 'கிளாக் ஸ்பிரிங்கைப் பாருங்கள்' என்று சொல்லிப் பட்டறையில் விடுங்கள்.

பழக்கப்பட்ட நண்பர் செய்கிறார், நீங்கள் உதவுகிறீர்கள் என்றால் இவற்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். சக்கரங்கள் நேராக இருக்க வேண்டும். கழற்றிய ஏர்பேக்கைத் தூக்கும்போது மூடிப் பக்கம் உடம்பைப் பார்க்கக் கூடாது. கீழே வைக்கும்போது மூடி மேலே பார்த்தபடி, மேலே எதுவும் இல்லாமல் வைக்க வேண்டும். கவிழ்த்து வைத்தது தப்பித் தவறி வெடித்தால் ராக்கெட்டாகக் கிளம்பும். புதிய கிளாக் ஸ்பிரிங் நடு நிலையில் பின் போட்டுப் பூட்டியபடி வரும். பொருத்துமுன் அதை விளையாட்டுக்குக்கூடச் சுற்றக் கூடாது. நடு தவறினால் முதல்முறை ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போதே நாடா அறுந்துவிடும்.

மறுபடி மின்சாரம் கொடுப்பது

எல்லா கனெக்டரும் மாட்டியிருக்கிறதா என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். சாவி ஆஃப் நிலையில், காருக்குள் யாரும் இல்லாமல் பேட்டரியை இணையுங்கள். அதன் பிறகு ஓட்டுநர் பக்கம் வெளியே நின்று, தலையை ஸ்டீயரிங்குக்கு நேரே கொண்டுபோகாமல் கையை மட்டும் நீட்டிச் சாவியைத் திருப்புங்கள். பட்டன் ஸ்டார்ட் கார்களில் பிரேக்கை மிதிக்காமல் பட்டனை ஒருமுறையோ இருமுறையோ அழுத்தினால் என்ஜின் ஓடாமல் இக்னிஷன் மட்டும் வரும்.

பழுது சரியாகியிருந்தாலும் விளக்கு தானாக அணையாமல் இருக்கலாம். பல கார்களில் கோளாறு எண், பேட்டரியைக் கழற்றினாலும் அழியாத நினைவகத்தில் இருக்கும். ஸ்கேனரால்தான் அழிக்க வேண்டும். அழித்துவிட்டு இக்னிஷனை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் சரி. உடனே திரும்பி வந்தால் காரணம் இன்னும் அங்கேயே இருக்கிறது. அழித்து அழித்துப் பார்ப்பதில் பயனில்லை. மோட்டார் சீட்டையும் இப்போது ஓட்டிப் பார்த்துவிடலாம். பிறகு சில நாள் மேடுபள்ளச் சாலையில் ஓட்டிக் கவனியுங்கள். தளர்ந்த தொடர்பு அங்கேதான் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

தொடவே கூடாதவை

மல்டிமீட்டரை ஏர்பேக்கிலோ பிரிடென்ஷனரிலோ வைத்துத் தடை அளக்காதீர்கள். பரவலாகப் பயன்படும் பற்றவைப்பான்கள், ஒரு ஆம்பியரைச் சற்றே தாண்டிய மின்சாரம் இரண்டு மில்லி வினாடி பாய்ந்தாலே பற்றிக்கொள்ளும். நல்ல மீட்டர் அவ்வளவு அனுப்பாது என்பது உண்மைதான். ஆனால் மீட்டர் தவறான நிலையில் இருந்தால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்க வேண்டிய இடம் இதுவல்ல. பட்டறையில் ஏர்பேக்குக்குப் பதிலாக சுமார் 2 ஓம் தடையை மாட்டிச் சுற்றைச் சோதிப்பார்கள். அதே தடையை நிரந்தரமாக மாட்டி விளக்கை அணைத்துக் கொடுக்கிற ஆசாமிகளும் இருக்கிறார்கள். விளக்கு அணைந்திருக்கும், ஏர்பேக்கும் இருக்காது.

பழைய காரிலிருந்து கழற்றிய ஏர்பேக்கை வாங்கிப் பொருத்த வேண்டாம். அது நனைந்ததா, போலியா என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. மோதலில் ஏதாவது ஒரு ஏர்பேக் திறந்திருந்தால், கூடவே பிரிடென்ஷனர்களும் வெடித்திருக்கலாம், கணினியும் அந்த மோதலைப் பதிந்து பூட்டியிருக்கலாம். அது முழுக்கப் பட்டறை வேலை.

ஒன்றைத் தனியாகச் செய்துவிடுங்கள்: காரின் 17 இலக்கச் சேசிஸ் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டு, ஏர்பேக் தொடர்பாகத் திரும்ப அழைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக்குகள் உலகம் முழுவதும் கோடிக்கணக்கில் திரும்ப அழைக்கப்பட்டன. அவற்றில் இருந்த அமோனியம் நைட்ரேட் மருந்து, ஈரமும் வெப்பமும் பட்டுக் காலப்போக்கில் கெட்டு, வெடிக்கும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடித்தது. இப்படிப்பட்ட பழுதுக்கு விளக்கு எரியாது, கணினிக்கு மருந்தின் நிலை தெரியாது. திரும்ப அழைப்பில் இருந்தால் பொதுவாக இலவசமாகவே மாற்றித் தருவார்கள்.

பட்டறைக்குப் போகும்போது அந்தக் காகிதத்தையும் கோளாறு எண்ணின் படத்தையும் கொண்டுபோங்கள். எண்ணை அழித்தீர்களா இல்லையா என்றும், எந்தக் கனெக்டரைப் பிரித்துச் சுத்தம் செய்தீர்கள் என்றும் மறைக்காமல் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அது ஏர்பேக்காகவோ பிரிடென்ஷனராகவோ இருந்தால் மட்டும் வீட்டுக்கு எடுத்து வராமல் அவர்களிடமே விட்டுவிடுங்கள், அதை முறையாக அப்புறப்படுத்துவது அவர்கள் பொறுப்பு.